தோற்றவர் போடும் கையெழுத்து

மெஷினுக்குள் போகும் பச்சைத் தாளிலிருந்து தொடங்குகிறேன். நீளமான காகிதப் பட்டை அது. ரூபாய் நோட்டில் இருப்பதுபோல வரிசை எண் அச்சிட்டிருக்கும். வாக்குப்பதிவு நாளன்று விடிந்தும் விடியாத நேரத்தில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். வந்திருக்கும் வேட்பாளர்களின் ஏஜென்ட்கள் ஆளுக்குச் சில ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். போட்டதும் எண்ணியதும் சரியாக இருக்கிறதா என்று காட்டிவிட்டு, அத்தனையையும் அழித்து, ‘டோட்டல்’ பொத்தானை அமுக்கினால் சைபர் வர வேண்டும். அதன்பின் ரிசல்ட் பகுதியின் உள்கதவில் அந்தப் பச்சைத் தாளைச் செருகி மூடுவோம். தாளைக் கிழிக்காமல் யாராலும் ரிசல்ட் பொத்தானைத் தொட முடியாது.

செருகுவதற்கு முன் அந்தத் தாளில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்துப் போடுவார். விருப்பப்பட்ட ஏஜென்ட்களும் போடலாம். வரிசை எண்ணை அவரவர் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். எண்ணிக்கை மையத்தில் மெஷின் மேஜைக்கு வரும்போது, அதே எண்ணும் அதே கையெழுத்தும் இருக்கின்றனவா என்று அவர்கள் கட்சிக்காரர் பார்த்த பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள்.

1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் தொடங்கி 2021 ஏப்ரல் வரை, உள்ளாட்சித் தேர்தல்களைச் சேர்க்காமல், 14 முறை எனக்குத் தேர்தல் பணி விழுந்தது. வாக்குச்சீட்டும் ரப்பர் முத்திரையும் இருந்த காலத்தில் மை வைக்கும் ஆளாகப் போனவன், கடைசி ஏழு முறையும் தலைமை அலுவலராக உட்கார்ந்தேன். அந்த வேலையில் நான் அதிகம் மதித்த நேரம் இந்தக் கையெழுத்து நேரம்தான். அந்தக் காலை வேளையில் யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியாது. தோற்கப்போகிறவரின் ஆளும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார். “இது காலியாகத்தான் இருந்தது, நான் பார்த்தேன்” என்று அவர் எழுதிக்கொடுப்பதற்குச் சமம் அது. பின்னால் வரும் தோல்வியை அவர் தாங்கிக்கொள்ள முடிவது அந்தக் கையெழுத்தின் பலத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கையை ஆட்டிப்பார்த்த முடிவு ஒன்று 2016-இல் வந்தது.

என் வீடு நாகர்கோவில். வேலை பார்த்தது பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில், ராதாபுரம் சட்டமன்றத் தொகுதிக்குள் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக. அந்த மே 16-ஆம் தேதி எனக்குப் பணி வேறொரு தொகுதியில். 19-ஆம் தேதி எண்ணினார்கள். மாநிலம் முழுக்கவே இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையில் சுமார் 1 சதவீத வாக்குதான் வித்தியாசம். ராதாபுரத்திலோ அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கு 69,590, தி.மு.க.வின் அப்பாவுவுக்கு 69,541. வித்தியாசம் 49.

49 என்ற எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் ஊர் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். அதோடு இன்னொரு எண்ணும் வந்தது: 203. அத்தனை தபால் வாக்குகள் செல்லாது என்று எண்ணாமலே ஒதுக்கப்பட்டிருந்தன. ஜெயித்தவர்கள் தெருவில் வெடி போட்டார்கள். தோற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து 203-லிருந்து 49-ஐக் கழித்துக்கொண்டிருந்தார்கள். “தோத்தத ஒத்துக்கிட மனசில்ல” என்று ஒரு பக்கம், “ஜெயிச்சவன தோக்கடிச்சிட்டாங்க” என்று மறு பக்கம். டீக்கடை பெஞ்சுகூட இரண்டாகப் பிரிந்துபோனது.

ஜூன் முதல் தேதி பள்ளி திறந்தபோது அந்தப் பிளவு வகுப்புக்குள்ளும் வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் இரண்டு பையன்கள். முந்தைய வருஷம் முழுக்க ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். இருவரின் அப்பாக்களும் ஒரே பூத்தில் எதிரெதிர்க் கட்சிகளின் ஏஜென்ட்கள். இப்போது ஒருவன் ஜன்னலோரம், மற்றவன் கதவோரம். நான் எதுவும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் மொத்தம் போடும்போது ஆறாம் வகுப்பில் 26, ஏழாம் வகுப்பில் 23. கூட்டியவன் அப்படியே பேனாவை வைத்துவிட்டேன். ஒரு தொகுதியின் ஐந்து வருஷத்தைத் தீர்மானித்த கூட்டம் இந்த இரண்டு அறைக்குள் அடங்கிவிடும். அந்த எண்ணிக்கையை அன்றுதான் முகங்களாகப் பார்த்தேன்.

எனக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

தேர்தல் பணிக்குப் போகிற ஆசிரியருக்கும் காவலருக்கும் தம் ஊர் பூத்துக்குப் போய் ஓட்டுப் போட வழியில்லை. வேறு தொகுதியில் பணி என்றால் தபால் வாக்குதான். வாக்குச்சீட்டில் குறியிட்டு உள்ளுறையில் வைத்து ஒட்ட வேண்டும். ‘ஓட்டுப் போடுவது நான்தான்’ என்ற உறுதிமொழிப் படிவத்தைத் தனியாக நிரப்பி, கெஜட்டட் ஆபீசர் ஒருவரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். இரண்டையும் வெளியுறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய முறை. எண்ணும் நாளில் வெளியுறையைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது உறுதிமொழிப் படிவத்தை. அது இல்லையென்றாலோ, கையெழுத்து இல்லையென்றாலோ, சான்றொப்பத்தில் குறை என்றாலோ உள்ளுறையைத் திறக்கவே மாட்டார்கள். அப்படியே ஓரமாக வைத்துவிடுவார்கள்.

2016 தேர்தலுக்குச் சில நாள் முன் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் அந்தப் படிவத்தோடு என் அறைக்கு வந்தார். “ஹெச்.எம். சார், இதுல ஒரு சைன் வேணும். கெஜட்டட் ஆபீசரத் தேடி டவுனுக்குப் போகணும்னா பஸ்ஸே இல்ல.” நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பச்சை மை பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, கீழே பள்ளி முத்திரையைக் குத்திக்கொடுத்தேன். மை காயும்வரை அவர் படிவத்தை ஊதிக்கொண்டே நின்றார்.

அந்த 203 வாக்குகளும் எதற்காக ஒதுக்கப்பட்டன என்று பத்திரிகையில் படித்தபோது வயிற்றில் என்னமோ செய்தது. சான்றொப்பம் இட்டவர்கள் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்கள் கெஜட்டட் ஆபீசர்கள் இல்லை என்பதுதான் காரணம். அந்த ஆசிரியையின் உறை அவற்றில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. அவர் யாருக்குப் போட்டார் என்றும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் ஓட்டுப் போட்ட ஒருத்தியின் உறை திறக்கப்படாமல் போனதற்கு என் பேனா காரணமாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் பல நாள் தூங்கவிடவில்லை. அடுத்த தேர்தல் பயிற்சி வகுப்பில் நான் எழுந்து கேட்ட முதல் கேள்வி, சான்றொப்பம் யார் யார் இடலாம் என்பதுதான். பதிலை எழுத்தில் தரும்வரை உட்காரவில்லை.

தபால் வாக்கில் நானும் அடிபட்டிருக்கிறேன். ஒரு தேர்தலில் எனக்கு வர வேண்டிய வாக்குச்சீட்டு, முடிவு வந்த மறுநாள் தபால்காரர் கையில் வந்தது. எந்த அலுவலகத்தில் தேங்கியது என்று விசாரித்துப் பயனில்லை. அந்த உறையைப் பிரிக்காமலே பல வருஷம் பீரோவில் வைத்திருந்தேன். தேர்தலை நடத்திக்கொடுக்கிறவனின் ஓட்டு எண்ணிக்கைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறது என்ற வருத்தம், அந்த உறை கண்ணில் படும்போதெல்லாம் புதிதாக வரும்.

‘ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்’ என்று கேட்பவர்களிடம் சொல்வதற்கு எல்லோருக்கும் சில எண்கள் தெரியும். ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-இல் சி.பி.ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார்: 62,216-க்கு 62,215. 2021-இல் நம் தியாகராய நகரில் வித்தியாசம் 137. மொடக்குறிச்சியில் 281. அதே மொடக்குறிச்சியில் 1996-இல் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டை ஒரு புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்திலும் ஜெயித்து வந்த சுப்புலட்சுமி ஜெகதீசன்தான் 2021-இல் அந்த 281-இல் தோற்றவர். ஆனால் இப்படிப்பட்ட எண்களைச் சொல்லி யாரையும் ஓட்டுச்சாவடிக்கு அழைத்து வந்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான தொகுதிகளில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். அங்கே ஒரு ஓட்டால் முடிவு மாறாது. அப்படியானால் அங்கே ஏன் போட வேண்டும்? இதற்கான பதிலை எனக்குச் சொல்லித்தந்தது, பூத்தில் பதிவான வாக்குகளின் கணக்கை எழுதும் 17சி படிவம்.

2011 ஏப்ரல் 13. மலையடிவார ஊரில் ஒரு பூத். நேரம் முடிந்து, வரிசையில் நின்றவர்களுக்கு வழக்கம்போலக் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்து எல்லோரும் போட்டு முடித்தபிறகு, மெஷினில் ‘குளோஸ்’ அமுக்கினேன். மொத்தம் 763. வாக்காளர் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் கடைசி வரிசை எண் 764. ஒன்று இடிக்கிறது.

மெஷினை எடுத்துப்போக வெளியே ஜோனல் வண்டி வந்து நிற்கிறது. பதினான்கு மணி நேரமாக யாருக்கும் சரியான சாப்பாடு இல்லை. அன்று அந்த பூத்தில் ஏஜென்ட்களாக இருந்த இருவரும் காலையிலிருந்து ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். இப்போது இருவரும் ஒரே குரலில், “விடுங்க சார், ஒண்ணுதான. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல” என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் அலுவலர் எழுதிக்கொடுத்து, மூன்றாம் அலுவலர் வாங்கி வைத்திருந்த வாக்காளர் சீட்டுகளை எடுத்து எண்ணச் சொன்னேன். பத்துப் பத்தாகக் கட்டி மேஜையில் அடுக்கினோம். 763. அப்படியானால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, விரலில் மை வைத்துக்கொண்ட ஒருவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போயிருக்கிறார்.

பதிவேட்டைப் பக்கம் பக்கமாக விரல் வைத்துச் சீட்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டு போனோம். 318-க்குச் சீட்டு இல்லை. பெண். இடது பெருவிரல் ரேகை. ஏஜென்ட்களில் வயதானவர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கைப்புள்ளையோட வந்தாள்லா… புள்ள வீரிட்டுக் கத்திச்சு. அமத்திக்கிட்டு வாறேன்னு வெளிய போனா.” மை வைத்தாகிவிட்டது, அதனால் வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டிருக்க வேண்டும். முதல் தடவை ஓட்டுப் போட வந்த பெண்ணோ என்னவோ. மூன்றாம் அலுவலர் முன்னால் அந்த நேரம் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

இனி அவளைக் கூப்பிட முடியாது. பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் ‘வாக்களிக்கவில்லை’ என்று எழுதினேன். 17சி-யில் அதற்கென்று ஒரு வரி உண்டு, அதில் 1 என்று போட்டேன். 764-இல் 1 போக 763. கணக்கு நேரானது. ஏஜென்ட்கள் இருவரும் நகல் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு இளைய ஏஜென்ட், “அது எங்க ஓட்டா இருந்திருக்கும் சார்” என்றார். பெரியவர் உடனே, “எங்க ஓட்டு, தம்பி” என்றார். சண்டையாகச் சொல்லவில்லை. ஒரு பொருள் தொலைந்த வீட்டில் பேசுகிற குரல் அது.

அந்த இரவிலிருந்து நான் 17சி-யை வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்தப் படிவத்தில் ஜெயித்தவர் வரி, தோற்றவர் வரி என்று கிடையாது. எண்ணும் நாளில் நிரப்பும் இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்ததை எழுதி அடியில் கூட்டுவார்கள். டெபாசிட் இழந்தவருக்கு விழுந்த மூன்று ஓட்டையும் சேர்த்தால்தான் கூட்டுத்தொகை வரும். 2013-க்குப் பிறகு நோட்டாவுக்கும் அங்கே ஒரு வரி. தோற்ற ஓட்டு ஒன்றை எடுத்துவிட்டால் ஜெயித்தவரின் கணக்கும் நிற்காது.

ராதாபுரம் முடிவு வந்த அந்த ஜூனில், கதவோரம் உட்கார்ந்த பையனின் அப்பா ஒருநாள் டி.சி. வாங்கிக்கொள்கிறேன் என்று பள்ளிக்கு வந்தார். பையனை வேறு ஊரில் சேர்க்கப்போகிறாராம். பேச்சோடு பேச்சாக, “69 ஆயிரம் பேர் போட்டும் வீணாப்போச்சே சார். இனி எதுக்குப் போடணும்ங்கேன்?” என்றார். நான் பீரோவைத் திறந்து, பழைய தேர்தல் ஒன்றின் 17சி மாதிரிப் படிவத்தை அவர் முன் வைத்து, அந்த இரவில் நடந்ததைச் சொன்னேன். கைப்பிள்ளைக்காரியின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்போ அந்த 203 பேரும் அந்தப் பொண்ணு மாதிரிதானா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவள் போடாமல் போனவள், இவர்கள் போட்டவர்கள். அவளுக்கு 17சி-யில் ஒரு வரியாவது இருந்தது. எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவர் டி.சி. வாங்கவில்லை. ஆனால் அவருடைய பையனும் மற்றவனும் திரும்ப ஒரே பெஞ்சுக்கு வர அந்த வருஷம் காலாண்டுத் தேர்வு முடிய வேண்டியிருந்தது.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. 2019 அக்டோபர் முதல் தேதி, அந்த 203 தபால் வாக்குகளையும் மெஷின் வாக்குகளில் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி உத்தரவு வந்தது. எங்களைப் போன்ற தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இடலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றே, முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை அந்த எண்ணிக்கை வெளியே வரவில்லை. 2021-இல் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். அப்பாவு ஜெயித்துச் சட்டப்பேரவைத் தலைவரானார். யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பது பற்றி எனக்குக் கருத்து இல்லை, இருக்கவும் கூடாது. ஓட்டுப் போட்ட மனிதனுக்கு அதன் கணக்கைப் பதவிக்காலம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியான கருத்து உண்டு. தாமதமாக வரும் கணக்கு ஊரைச் சேர்த்துவைக்காது.

ஓட்டை நான் இவ்வளவு பெரிதாக நினைப்பதற்கு வீட்டிலும் காரணம் உண்டு. என் தாத்தாவுக்கு நடுவயதுவரை ஓட்டு இல்லை. எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர். பெரும்பாலும் வரி ரசீது வைத்திருக்கிறவருக்குத்தான் ஓட்டு. அவர் பிறர் வயலில் உழுதவர். 1948-இல்தான் அங்கே வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்தது. அதன்பின் வந்த தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம், சீட்டை உள்ளே போட வேண்டியதுதான். பெட்டியறைக்குள் போகும்போது தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுப் போனதாக ஆச்சி சொல்வாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. என் அப்பா பேசுவதெல்லாம் காமராஜரைப் பற்றி. 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்றவர், 1969 ஜனவரியில் எங்கள் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். “தோத்தவரு எந்திரிச்சு நம்ம வாசலுக்கு வந்து நின்னாரு பாத்தியா” என்பார். ஜெயித்ததைவிட அந்த எழுந்திருத்தலைத்தான் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

2021-இல் கடைசிப் பணி. ஒவ்வொரு வாக்காளருக்கும் வலது கைக்கு ஒரு பாலித்தீன் உறை, கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு, நாங்கள் முழு உடல் கவசத்தில்.  மறு வருஷம் ஓய்வு பெற்றேன்.

2024 ஏப்ரல் 19. அதற்கு முன் கடைசியாக நான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது 1984 டிசம்பரில். அதன்பின் போட்டதெல்லாம் தபாலில். தபால் ஓட்டுக்கு மை கிடையாது. ஆயிரக்கணக்கான விரல்களுக்கு மை வைத்த இடத்தில் என் விரல் மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் வெறுமையாக இருந்தது. எங்கள் தெருவுக்கான பூத் பக்கத்துப் பள்ளியில். ஏழு மணிக்கே மனைவியோடு போய் வரிசையில் நின்றேன்.

முதல் அலுவலர் என் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படித்தார். ஏஜென்ட் பெஞ்சில் இரண்டு பேர், ஒருவர் நரைத்தவர், ஒருவர் கல்லூரி முடித்த வயது. இருவரும் அவரவர் பட்டியலில் என் பெயரைத் தேடி டிக் அடித்தார்கள். இளையவரின் பேனா எழுதவில்லை போலிருக்கிறது, பெரியவர் தன் பேனாவை நீட்டினார். இரண்டாம் அலுவலர் 17ஏ பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். மனைவி 41, நான் 42. அந்தக் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. நகத்திலிருந்து கீழே ஒரு கோடு மை. சீட்டை வாங்கி மறக்காமல் மூன்றாம் அலுவலரிடம் கொடுத்தேன்.

தட்டிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினேன். விவிபாட் கண்ணாடிக்குள் நான் போட்ட சின்னம் ஏழு விநாடி நின்று, அறுந்து உள்ளே விழுந்தது. நீளமாக ஒரு பீப். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

“சார், ஓட்டு விழுந்தாச்சு. வெளிய போலாம்” என்றார் தலைமை அலுவலர். இளம் ஆசிரியை. திரும்பியபோது பதிவேட்டில் 43-க்கு ஒரு மூதாட்டியின் பெருவிரலை மைப்பெட்டியில் தொட்டுப் பதித்துக்கொண்டிருந்தார்கள்.